கொய்சுமி யாகுமோ: வேற்று நிலத்தில் ஓர் இல்லறம்

லஃப்காடியோ ஹெர்னை ஜப்பானியப் பேய்க்கதைகளை ஆங்கிலத்தில் தந்தவராக அறிந்தோர் பலர். 1904இல் வெளிவந்த குவைதான் என்னும் நூல் அப்புகழை அவருக்கு நிலைநிறுத்தியது. ஆயின் அக்கதைகள் எந்த வீட்டில், எத்தகைய மொழியில் பேசப்பட்டு நூலேறின என்பது நூலளவுக்குப் பரவவில்லை. அது ஒரு குடும்பத்தின் கதை. ஊர்விட்டு ஊர் அலைந்த ஒருவர் நாற்பதாம் வயதில் அயல்நாட்டில் குடித்தனம் அமைத்த கதை.

1850ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் கிரேக்கத் தீவான லெஃப்கடாவில் ஹெர்ன் பிறந்தார். தீவின் பெயரே பிள்ளைக்கும் பெயராயிற்று. தந்தையார் அயர்லாந்து நாட்டவர், பிரித்தானியப் படையில் மருத்துவர். தாயார் ரோசா கிரேக்கப் பெண்மணி. இரண்டு வயதுப் பிள்ளையோடு டப்ளின் நகர் புகுந்த ரோசாவுக்கு அந்நாட்டின் குளிரும் மொழியும் உறவினரும் ஒட்டவேயில்லை. 1854இல் அவர் மகனை விட்டுத் தாயகம் திரும்பினார். தாயும் மகனும் மறுபடி சந்திக்கவில்லை. திருமணப் பத்திரத்தில் ரோசாவின் கையொப்பம் இல்லை என்ற குறையைக் காட்டித் தந்தையார் அம்மணத்தைச் செல்லாததாக்கினார். ஒரு தாளில் ஒரு கையொப்பம் இல்லாமையால் ஒரு பெண் மனைவி என்ற நிலையையே இழந்தாள் என்பதை வாசகர் நினைவில் நிறுத்துதல் நன்று.

பதினாறாம் வயதில் பள்ளி விளையாட்டில் நேர்ந்த விபத்தில் ஹெர்னின் இடக்கண் ஒளியிழந்தது. எஞ்சிய கண்ணும் கிட்டப்பார்வை உடையது. எக்காலத்துப் புகைப்படத்திலும் அவர் அந்த முகப்பக்கத்தை மறைத்தே நிற்கிறார். 1869இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகருக்கு வறியவராய்ச் சென்று, பட்டினி கிடந்து, செய்தியாளரானார். 1874இல் அடிமையாய்ப் பிறந்த கலப்பினப் பெண்ணான அலித்தியா ஃபோலியை மணந்தார். அத்தகைய மணத்தை அம்மாநிலச் சட்டம் ஏற்கவில்லை. வேலை போயிற்று, மணவாழ்வும் நிலைக்கவில்லை. பின்னர் நியூ ஆர்லியன்சில் பத்தாண்டு, மார்ட்டினிக் தீவில் ஏறக்குறைய ஈராண்டு. எங்கும் எழுதினார், எங்கும் வேரூன்றவில்லை.

1890 ஏப்ரல் 4இல் யோகஹாமாத் துறைமுகத்தில் இறங்கினார். அமெரிக்க இதழொன்றுக்குக் கட்டுரை எழுதவே வந்தவர், விரைவில் அவ்விதழோடு பிணங்கிக் கைவிடப்பட்டார். ஜப்பானிய மொழி அறிஞர் பேசில் ஹால் சேம்பர்லின் முதலியோரின் துணையால் மட்சுயே நகரில் ஆங்கில ஆசிரியர் பணி வாய்த்தது. சம்பளம் மாதம் 100 யென். ஜப்பான் கடலை ஒட்டிய பழைய கோட்டை நகரம் அது. விடியலில் நெல் குத்தும் உலக்கையொலியும், கோயில் மணியும், தெருவில் காய்கறி விற்போர் குரலும் அவரை எழுப்பின. ஊரே கனவுபோல் தோன்றியது. அவ்வியப்பைப் பல பக்கங்கள் எழுதினார்.

முதற்குளிர்காலம் அவ்வியப்பைச் சோதித்தது. காகிதத் திரைகளாலான வீட்டில் கணப்புச் சட்டியின் கரிநெருப்பு ஒன்றே துணை, வெளியே பனி. 1891இன் தொடக்கத்தில் அவர் படுத்த படுக்கையானார். பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் நிஷிதா செந்தாரோ போன்ற நல்லோர் உதவினர். அவ்வேளையில் வீட்டைக் கவனிக்க வந்தவரே கொய்சுமி செட்சு. சாமுராய்க் குலத்தில் பிறந்து, பிறந்த சில நாளிலேயே இனாகாகி குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவர். அக்குலத்தார் மானியம் இழந்து நொடித்தபின் தறியில் நெய்து குடும்பத்தைத் தாங்கியவர். முதற்கணவர் அவரைக் கைவிட்டு ஓடிவிட்டார். இருவரும் இழந்தவர்களே. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது.

ஆகவே அவ்வீட்டில் ஒரு மூன்றாவது மொழி பிறந்தது. வேற்றுமையுருபுகளை உதிர்த்து, வினைகளைத் திரிக்காமல், சொற்களை ஆங்கில வரிசையில் அடுக்கிப் பேசும் ஜப்பானியம் அது. ஹெர்னை அந்நாட்டார் ஹெருன் என்றழைத்தமையால் அதற்கு ஹெருன் பேச்சு என்றே பெயர் வழங்கிற்று. செட்சுவும் ஆங்கிலச் சொற்களைக் கேட்டவாறே கத்தாகனா எழுத்தில் ஓர் ஏட்டில் குறித்து வந்தார். இலக்கணம் கற்றவர் எள்ளி நகைக்கத்தக்க அப்பேச்சிலேயே அவர்கள் வழக்குத் தீர்த்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள், பழங்கதைகளையும் அளந்தார்கள். ஹெர்னால் ஜப்பானிய நூல்களைப் படிக்க இயலாது. செட்சு பழைய புத்தகங்களைத் தேடிப் படித்துவிட்டு வந்து சொல்லவேண்டும். புத்தகத்தைப் பார்த்து வாசித்தால் அவர் ஒப்பமாட்டார். தம் சொல்லாகவே சொல்லும்படி கேட்பார். இரவில் விளக்கைத் தணித்துவிட்டு, அச்சந்தரும் இடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்வார். குருட்டுப் பாணன் ஹோயிச்சியின் கதையை எழுதிய நாள்களில், அடுத்த அறையிலிருந்து செட்சு ஹோயிச்சி என்று மெல்ல அழைக்க, ஒற்றைக்கண்ணரான ஹெர்ன் தாமே அப்பாணனாகி, அழைப்பது யார் என வினவினாராம். அந்நூலின் ஆங்கிலம் ஹெர்னுடையது. மூச்சில் பாதி செட்சுவினுடையது. அட்டையில் அப்பெயர் இல்லாதது குறையே.

1891 நவம்பரில் தெற்கே குமமோட்டோ உயர்பள்ளிக்கு 200 யென் சம்பளத்தில் சென்றார். மட்சுயேயின் அழகு அங்கில்லை. ஆசிரியர் அறையில் தோழமையும் இல்லை. வீட்டிலோ செட்சுவின் வளர்ப்புப் பெற்றோர், பாட்டனார், பணியாளர் எனப் பலர் அவர் உழைப்பை நம்பியிருந்தனர். கண்டு மயங்கிய காலம் போய், அரிசி விலையும் மாமனார் உடல்நிலையும் கவலையான காலம் வந்தது. அவர் உண்மையாகவே அந்நாட்டில் குடியேறியது இங்கேதான் எனலாம். 1893 நவம்பரில் மூத்த மகன் கசுவோ பிறந்தான்.

பிள்ளை பிறந்ததும் சட்டம் வாயிலில் வந்து நின்றது. முறைப்படி பதிவு செய்தால் மனைவி தன் நாட்டுக் குடியுரிமையை இழந்து பிரித்தானியப் பிரஜையாவாள். அயல்நாட்டார் நிலம் வாங்கவோ, துறைமுகக் குடியிருப்புக்கு வெளியே விரும்பியபடி வாழவோ அன்று உரிமையில்லை. பதிவு செய்யாவிடில் அவர் இறந்தபின் மனைவி மக்களின் உரிமை நிலைக்குமா என்ற அச்சம். தாயை இழந்த பிள்ளைக்கு இக்கணக்கு எளிதில் விளங்கியிருக்கும். 1896 பிப்ரவரியில் தம் குடியுரிமையைத் துறந்து, செட்சுவின் குடும்பப் பதிவேட்டில் தத்துப் பிள்ளையாய் நுழைந்து, கொய்சுமி யாகுமோ ஆனார். நம் வழக்கில் சொன்னால் வீட்டோடு மாப்பிள்ளை. யாகுமோ என்றால் எட்டு முகில். மனைவிக்கு இல்லமெடுத்த தேவனொருவன் பாடியதாகக் கூறும் தொல்பழம்பாட்டில் செட்சுவின் இசுமோ நாட்டுக்கு அடையாய் வரும் சொல் அது.

அவ்வாண்டே டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய விரிவுரையாளரானார். சம்பளம் 400 யென். வீட்டில் ஜப்பானிய உடை. தாளின்மேல் கண் படியுமாறு மிக உயரமாய்ச் செய்வித்த மேசை. புகைக்குழாய்க்குக் கரிநெருப்பு வேண்டும்போது ஊதிக் கூப்பிட ஒரு சங்கு. உணவில் மட்டும் பழைய நாக்கு திரும்பிவிட்டது. மாட்டிறைச்சி வறுவலும் விஸ்கியும் வேண்டியிருந்தன. கோடையில் யாய்சு என்னும் மீனவர் ஊரில் மீன் வணிகர் ஒருவரின் மாடியில் தங்கி, மகனோடு கடலில் நீந்தினார். அங்கிருந்து மனைவிக்குக் கத்தாகனாவில், அதே உருபற்ற மொழியில், கடிதம் எழுதினார். மகனுக்கு நாள்தோறும் ஆங்கிலம் கற்பித்தார். தம்மைப் போல் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு கரையும் வேண்டும் என எண்ணினார் போலும்.

குடியுரிமை பெற்றும் அயலாரென்ற நிலை முற்றும் நீங்கவில்லை. 1903இல் பல்கலைக்கழகம் அவரை விடுவித்தது. மாணவர் எதிர்த்தும் பயனில்லை. அவர் இடத்தில் விரிவுரையாற்ற வந்தவருள் நாவலாசிரியர் நட்சுமே சோசெகியும் ஒருவர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகச் சொற்பொழிவுத் திட்டமும் கைநழுவியது. அதற்கென எழுதியவை ஜப்பானைப் பற்றிய அவருடைய இறுதி நூலாயின. பழைய ஜப்பானையே கண்டார், வளரும் ஜப்பானைக் காண மறுத்தார் என்னும் குற்றச்சாட்டு அவர்மேல் உண்டு. அதில் உண்மை உண்டு. ஆனால் அந்தப் பழமை அவருக்கு நூலகத்தில் கிடைத்ததன்று, நொடித்துப்போன ஒரு குடும்பத்தின் நினைவில் கிடைத்தது. அக்குடும்பத்தின் சோற்றுக்கும் அவரே பொறுப்பாயிருந்தார்.

1904 செப்டம்பர் 26ஆம் நாள் மாரடைப்பால் டோக்கியோ வீட்டில் காலமானார். பதிவேடு தன் கடமையைச் செய்தது: செட்சுவும் நான்கு பிள்ளைகளும் சட்டப்படி அவர் குடும்பம். செட்சுவின் நினைவுக் குறிப்புகள் 1914இல் வெளிவந்தன. அவர் 1932இல் மறைந்து, சோஷிகயா இடுகாட்டில் கணவரின் கல்லறை அருகே அடக்கமானார். ஆங்கிலச் சொற்கள் எழுதிய அவருடைய ஏட்டைக் குடும்பத்தார் பாதுகாத்தனர்.