தோர்ணக்கல் பேராயரும் அம்பேத்கர் எழுப்பிய கேள்வியும்

இந்துவாகச் சாகப்போவதில்லை என்று 1935 அக்டோபரில் இயோலாவில் அம்பேத்கர் அறிவித்ததும், எல்லாச் சமயத்தாரும் அவரை நாடி வந்தனர். கிறித்தவர் தரப்பில் அவரோடு பேசியவர்களுள் ஒருவர் தோர்ணக்கல் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. நாடெங்கும் ஒரே மக்களாக எழத் தொடங்கியிருக்கும் தீண்டப்படாதார் கிறித்தவத்துக்கு வந்தால், இடத்துக்கொரு சபையாகச் சிதறிவிட மாட்டார்களா என்பதே அம்பேத்கர் கேட்டது. பேராயரிடம் விடை இல்லை. அவர் வெட்கினார் என்றே அவரது வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று அறிய, அவர் நடந்து வந்த வழியை நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

அசரியா 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தை கிராமக் குருவானவர், நாடார் குலத்தவர். அவர் வளர்ந்த காலத்தில் நாடார்களுக்குக் கோயில் வாயில்கள் அடைக்கப்பட்டிருந்தன. கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக அவர்கள் நீதிமன்றம் ஏற்றப்பட்டனர். 1899இல் சிவகாசி எரிந்தது. இருப்பினும் நாடார்களின் நிலையும் சேரி மக்களின் நிலையும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை மறந்து அசரியாவை நம்மவராகவே கொண்டாடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றும் பட்டம் பெறாமல் வெளியேறிய அவர், ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகப் பல ஆண்டுகள் அலைந்தார். 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாவதில் முன்னின்றார். நற்செய்திப் பணிக்கு வெள்ளையரின் பணமும் ஆளும் தேவையில்லை என்பது அதன் அடிப்படை. 1910இல் எடின்பரோ உலக மாநாட்டு மேடையில், மிஷனெரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையே நட்பு இல்லை என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே கூறினார். அவையில் பலர் முகம் சுளித்தனர். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். அதன்பின் 1945 வரை, ஒரு திருமண்டலத்தின் பொறுப்பில் இருந்த ஒரே இந்தியப் பேராயர் அவர்தான். முப்பத்திரண்டு ஆண்டுகளில் வேறொரு இந்தியர் தகுதியானவராகத் தென்படவில்லை என்பது அச்சபையைப் பற்றிச் சொல்வதை நாம் கவனிக்கலாம்.

நிஜாம் ஆட்சிக்கு உட்பட்ட தோர்ணக்கல் ஒரு ரயில் சந்திப்பு ஊர். சுற்றிலும் நிலமற்ற கூலிகளாகவும் தோல் தொழிலாளராகவும் வாழ்ந்த மாலர், மாதிகர் சேரிகள். திருச்சபைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இவர்களே. பேராயர் மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றார். திருமுழுக்குப் பெறுவோரைத் தலையில் கை வைக்கச் செய்து, நற்செய்தியை அறிவிக்காவிட்டால் தமக்குக் கேடு என்று சொல்லவைத்தார். சாட்சி கூறுவது குருமாரின் வேலை மட்டுமன்று, கூலிக்காரரின் வேலையும்கூட என்பது இதன் பொருள். அறுவடைத் திருநாளில் தானியமும் கோழியும் காணிக்கையாக வந்தன. 1935 அளவில் அத்திருமண்டலத்தில் 250 இந்தியக் குருமாரும் 2,000க்கு மேற்பட்ட கிராம ஆசிரியர்களும் பணிபுரிந்தனர். எழுத்து நுழையாத சேரிகளில் மணலில் அரிச்சுவடி எழுதவைத்த அந்த ஆசிரியர்களில் எத்தனை பேரின் பெயர் இன்று நினைவில் இருக்கிறது?

அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் தோர்ணக்கலின் பேய்கள் என அசரியா அழைத்தார். இங்கே நாம் அவரோடு முரண்பட வேண்டியிருக்கிறது. கடனுக்குப் பின்னால் கடன் கொடுத்தவன் இருக்கிறான். அழுக்குக்குப் பின்னால் மறுக்கப்பட்ட கிணறு இருக்கிறது. சேரியைத் திருத்த விழைந்த அளவுக்கு நிலவுடைமையை அவர் எதிர்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்றில் அவர் வழுவவில்லை. தாழ்த்தப்பட்டோருக்குச் சமயத்தைச் சீர்தூக்கும் திறன் இல்லை என்ற கருத்தைக் காந்தி முன்வைத்து, 1936இல் அவர்களைப் பசுவோடு ஒப்பிட்டபோது, அந்த மக்களோடு கால் நூற்றாண்டு வாழ்ந்த அசரியா அக்கருத்தை ஏற்கவில்லை. அவர்கள் ஆராய்ந்தே வந்தனர் என்று வாதாடினார்.

சபைக்குள் சாதி நுழையக் கூடாது என்று அவர் கண்டிப்பாக இருந்தார். ஆயினும் ஒருவரோடொருவர் உண்ணாத, மணவுறவு கொள்ளாத மாலரும் மாதிகரும் நற்கருணைப் பாத்திரத்தைப் பகிர்ந்துகொண்ட பிறகும் பழைய தூரம் முற்றிலும் அகன்றுவிடவில்லை. கோயில் தூண்களின் சாயலையும் மசூதிக் குவிமாடங்களின் சாயலையும் சேர்த்து அவர் எழுப்பிய பேராலயம் 1939 ஜனவரி 6 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. கல்லில் இணைந்தது அவ்வளவு எளிதாக மக்களிடையே இணையவில்லை.

சபைப் பிரிவினைகளை ஒழிக்க 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய முயற்சிக்கு அவர் முன்னோடி. அம்பேத்கரின் கேள்விக்குப் பிறகு அதை இன்னும் தீவிரமாக வற்புறுத்தினார். 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கலில் காலமானார். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்ததை அவர் காணவில்லை. 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையோ, கிறித்தவரான தலித்துகளைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது திருத்தப்பட்டது. அசரியா திருமுழுக்குக் கொடுத்த மக்களின் பேரப் பிள்ளைகளுக்கு இன்றுவரை திருத்தப்படவில்லை.