கட்டம் கட்டமாகத் தெரிந்த தமிழைப் படிக்க வைத்த ‘தேனீ’: யார் இந்த உமர்தம்பி?

2004 வாக்கில் சேலம் சூரமங்கலத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டிவிட்டு ஒருவர் உட்காருகிறார். விண்டோஸ் 98 கம்ப்யூட்டர். ஆசையாக ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால், வரிவரியாக வெறும் கட்டங்கள். கடைக்காரரைக் கேட்டால் ஃபாண்ட் இல்லைங்க என்று கையை விரிப்பார். நாமே இன்ஸ்டால் பண்ணவும் விடமாட்டார்.

அந்தக் கட்டங்களைப் பல பக்கங்களில் தமிழ் எழுத்தாக மாற்றிக் காட்டியவர், ரேடியோ ரிப்பேரில் தொடங்கிய ஒரு மனிதர். பெயர் உமர்தம்பி.

ரேடியோவிலிருந்து கம்ப்யூட்டருக்கு

தஞ்சாவூர் மாவட்டத்தின் கடற்கரை ஊரான அதிராம்பட்டினத்தில் 1953 ஜூன் 15-ல் பிறந்தவர் உமர்தம்பி. ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பிறகு பிழைப்புக்காகத் துபாய் போனார். அங்கே டிவி போன்ற சாதனங்களைச் சரிசெய்யும் வேலை. அந்த வேலையில் இருந்தபடியே கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்தார். பல ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியபின், தமிழ்க் கணிமைக்கு நேரத்தைக் கொடுத்தார்.

அப்போது என்ன சிக்கல்?

தொண்ணூறுகளில் ஒவ்வொரு தமிழ் இணையதளமும் தனக்கென ஒரு ஃபாண்ட் வைத்திருந்தது. அதை டவுன்லோடு செய்தால்தான் படிக்க முடியும். ஒரு ஃபாண்டில் எழுதியதை இன்னொரு ஃபாண்டில் திறந்தால் எல்லாம் குழம்பிவிடும்.

இதற்குத் தீர்வாக வந்தது யுனிகோட். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு ஒரே பொது எண் முறை. ஆனால் அதைக் காட்ட கம்ப்யூட்டருக்கும் தெரிந்திருக்க வேண்டுமே? விண்டோஸ் 2000-ல்தான் ‘லதா’ என்ற யுனிகோட் தமிழ் ஃபாண்ட் கூடவே வந்தது. எக்ஸ்பியில்கூடப் பல நேரம் கண்ட்ரோல் பேனலுக்குப் போய் ஒரு டிக் அடித்து, விண்டோஸ் சிடியைப் போட வேண்டியிருந்தது. 98-ல் யுனிகோட் தமிழ் ஃபாண்டே கிடையாது.

அதனால் எழுதுகிறவர்களுக்கு ஒரு தர்மசங்கடம். யுனிகோடுக்கு மாறினால் பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வாசகரை இழக்க வேண்டும். மாறாவிட்டால் பழைய குழப்பமே தொடரும்; தேடுபொறியிலும் தமிழில் தேட முடியாது.

தேனீ என்ன செய்தது?

உமர்தம்பி வாசகரிடம் எதையும் செய்யச் சொல்லவில்லை. ‘தேனீ’ என்ற யுனிகோட் எழுத்துருவை உருவாக்கி, அதை இயங்கு எழுத்துருவாகவும் ஆக்கினார். இயங்கு எழுத்துரு என்றால், பக்கத்தோடு சேர்ந்தே வந்து இறங்கும் ஃபாண்ட். பக்கத்தை நடத்துபவர் தன் வார்ப்புருவில் சில வரிகளைச் சேர்த்தால் போதும். வாசகர் பக்கத்தைத் திறந்ததும் பிரவுசர் தானாகவே எழுத்துருவை இறக்கிக்கொள்ளும். படித்து முடித்து எழுந்து போனால் கடைக்காரரின் கம்ப்யூட்டரில் எந்த மாற்றமும் இருக்காது.

குறையும் இருந்தது. இந்த நுட்பம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே வேலை செய்யும். ஃபயர்பாக்ஸ் காரர்களுக்குப் பயனில்லை. ஆனால் அன்றைக்குப் பெரும்பாலான கடைகளில் இருந்தது எக்ஸ்புளோரர்தான். தமிழ் வலைப்பதிவுகள் பலவற்றில் தேனீ குடியேறியது.

அதோடு நிறுத்தவில்லை. ‘வைகை’ முதலான வேறு எழுத்துருக்களையும் செய்தார். ஆங்கில விசைகளில் ஒலிப்படி தட்டினால் தமிழ் வரும் ‘ஏ.டபிள்யூ.சி. ஃபொனெடிக் யுனிகோட் ரைட்டர்’ அவருடையது. யுனிகோட் என்றால் என்ன என்று புதியவர்களுக்குப் புரியும்படி தமிழில் எழுதினார். அவர் செய்த எழுத்துருக்களையும் கருவிகளையும் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

53 வயதில் முடிந்த வாழ்க்கை

2006 ஜூலை 12-ல் உமர்தம்பி காலமானார். வயது 53. 2010-ல் கோவையில் செம்மொழி மாநாட்டோடு நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

இன்று தேனீ தேவையா?

தேவையில்லை. எந்த போனை எடுத்தாலும் தமிழ் தெரிகிறது. எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பும் அந்த யோசனை இப்போது எல்லா பிரவுசர்களிலும் வேறு வடிவத்தில் சாதாரணமாகிவிட்டது.

ஆனால் ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். பழைய தனி ஃபாண்டில் எழுதப்பட்ட பக்கத்தை இன்று திறந்தால், அதற்குரிய ஃபாண்டோ மாற்றியோ இல்லாமல் படிப்பது கஷ்டம். 2004-ல் யுனிகோடில் எழுதியது அழியாமல் இருந்தால், சூரமங்கலத்தில் ரயிலுக்குக் காத்திருப்பவர் தன் போனில் அப்படியே படிக்கலாம். வாசகரை இழந்துவிடுவோமோ என்ற பயமில்லாமல் அன்றே பலர் யுனிகோடுக்கு மாற தேனீ கைகொடுத்தது.