சிசுக்களின் மூளைக்கு வழி தேடிய டொக்டர் வோல்ரர் டான்டி

இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்தும் அயர்லாந்தின் ஆர்மாவிலிருந்தும் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்த இருவர் அங்கே மணம் புரிந்து, மிசூரி மாநிலத்தின் செடாலியா என்னும் சிறுநகரில் வாழ்ந்து வந்தனர். தந்தையார் புகையிரதச் சேவையில் தொழில் பார்த்தவர். அவர்களுடைய ஒரே மகனாக 1886ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் திகதி பிறந்தவரே, பின்னாளில் மூளைச் சத்திரசிகிச்சை வரலாற்றில் அழியாத இடம்பெற்ற வோல்ரர் எட்வேர்ட் டான்டி.

மிசூரிப் பல்கலைக்கழகத்தில் 1907இல் பட்டம் பெற்ற டான்டி, பால்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1910இல் மருத்துவரானார். மூளைச் சத்திரசிகிச்சையின் முன்னோடியான ஹாவி குஷிங் அப்போது அங்கேயே பணியாற்றினார். அவரிடம் பயிலும் பேறு டான்டிக்குக் கிடைத்தது. ஆயினும் ஆசிரியருக்கும் மாணவனுக்கும் ஒத்துப்போகவில்லை. 1912இல் குஷிங் பொஸ்ரன் நகரின் பீற்றர் பென்ற் பிரிகம் வைத்தியசாலைக்குச் சென்றபோது டான்டியை உடன் அழைத்துச் செல்லவில்லை. ஆதரித்தவர் கைவிட்ட நிலையில், அடுத்த மாதம் எங்கே பணி என்பது கூடத் தெரியாது நின்ற அந்த இளைஞர், பால்ரிமோரிலேயே தங்கித் தமது ஆய்வைத் தொடர்ந்தார்.

அவர் எடுத்துக்கொண்டது, மருத்துவர்கள் நம்பிக்கையிழந்து கைவிட்டிருந்த ஒரு நோய். சில சிசுக்களின் தலை மாதத்திற்கு மாதம் பருத்துக்கொண்டே போகும். உச்சிக்குழி புடைத்து நிற்கும். கண்கள் கீழ்நோக்கிச் சரியும். மூளையினுள் நீர் தேங்குவதே இதற்குக் காரணம் என்பது தெரிந்திருந்தது. அந்த நீர் எங்கே உண்டாகிறது, எவ்வழியே ஓடுகிறது, எங்கே தடைப்படுகிறது என்பது தெரியாதிருந்தது. குழந்தை மருத்துவரான கென்னத் பிளக்ஃபானுடன் இணைந்து டான்டி இதற்கு விடை கண்டார். மூளையின் அறைகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய கால்வாயை நாய்களில் அடைத்தபோது, அடைப்பிற்கு மேலுள்ள அறைகள் விரிந்தன. சிசுக்களின் மூளை அறையினுள் சாயம் செலுத்தி, அது முதுகுத்தண்டின் நீரை வந்தடைகிறதா எனப் பார்த்தபோது, அடைப்பினால் வரும் நோயையும், ஓடிவந்த நீர் உறிஞ்சப்படாமையால் வரும் நோயையும் பிரித்தறிய முடிந்தது. 1913இலும் 1914இலும் வெளியான இவ்வாய்வுகள் இன்றளவும் இத்துறையின் அத்திவாரமாக விளங்குகின்றன.

மூளை எக்ஸ்றேயிற் தெரியாது என்பது அக்கால மருத்துவர்களைத் திகைக்க வைத்த மற்றொரு தடை. 1918இல் டான்டி மூளை அறைகளிலிருந்து நீரைச் சிறிது சிறிதாக அகற்றி, அவ்விடத்திற் காற்றைச் செலுத்திப் படம் பிடித்தார். அறைகளின் வடிவம் நிழலாக விழுந்தது. அவை விலகியிருக்கும் பக்கத்தைக் கொண்டு கட்டி எங்கே உள்ளது என்பதைக் கணிக்க முடிந்தது. இம்முறையை அவர் முதலிற் கையாண்ட நோயாளர்கள் குழந்தைகளே.

அவருடைய முயற்சிகள் யாவும் வெற்றி பெற்றன என்று எண்ணலாகாது. நீரைச் சுரக்கும் இழையத்தையே வெட்டியகற்ற 1918இல் அவர் செய்த சத்திரசிகிச்சைகளில் குழந்தைகள் பலர் இறந்தனர். 1922இல் நீருக்கு மாற்றுவழி திறக்கும் சத்திரசிகிச்சையொன்றை வகுத்தார். பல ஆண்டுகள் பின்தள்ளப்பட்டிருந்த இவ்விரு எண்ணங்களும், அகநோக்கிக் கருவி வளர்ச்சியடைந்த பின்னர் புத்துயிர் பெற்றன. உகண்டா நாட்டின் எம்பாலே நகரில் 2001இலிருந்து இவ்விரண்டையும் இணைத்துச் செய்யப்பட்ட சிகிச்சையால் ஏராளமான சிசுக்கள் பயனடைந்தனர்.

டான்டி கடுங்கோபக்காரர். சத்திரசிகிச்சைக் கூடத்தில் அவரிடம் ஏச்சு வாங்காத உதவியாளர்கள் அரிது. அதே மனிதர் வசதியற்ற நோயாளரிடம் கட்டணம் வாங்க மறுத்தார். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய மணித்தியாலங்களிலேயே நோயாளர் பலர் இறப்பதைக் கண்டு, 1923இல் மூன்று கட்டில்கள் கொண்ட தனிப்பிரிவொன்றை அமைத்து, இரவுபகலாகத் தாதியர் கண்காணிக்கும்படி செய்தார். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் முன்னோடிகளில் ஒன்றாக அது கருதப்படுகிறது.

மூளையின் நாடிச் சுவர் ஓரிடத்திற் பலவீனமடைந்து பலூன்போல் புடைப்பதுண்டு. அனியூரிசம் எனப்படும் இப்புடைப்பு வெடித்தால் உயிருக்கே ஆபத்து. எடின்பரோவில் நோர்மன் டொட் 1931இல் இத்தகைய புடைப்பொன்றைத் தசைத்துண்டாற் சுற்றிப் பலப்படுத்தியிருந்தார். டான்டி ஒரு படி முன்னே சென்றார். ஒரு கண்ணின் இமை தொங்கி, கடும் வேதனையுடன் வந்த 43 வயது மனிதருக்கு, 1937ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் திகதி மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் ஒரு சிறிய வெள்ளிக் கவ்வியை மாட்டினார். நாடியில் குருதி தடையின்றி ஓடியது. புடைப்பு மட்டும் அடைபட்டது. நோயாளி குணமடைந்தார். குருதிப்பெருக்கை நிறுத்துவதற்கென இத்தகைய வெள்ளிக் கவ்விகளை 1911இல் அறிமுகம் செய்தவர் வேறு யாருமல்லர், டான்டியை விட்டுச் சென்ற அதே குஷிங்.

வளர்ந்தவரிற் கைகூடியது சிசுவிற் கைகூடவில்லை. சில குழந்தைகள் பிறக்கும்போதே, மூளையின் நடுவிலுள்ள காலன் நாளம் எனப்படும் பெருங்குழாய் புடைத்திருக்கப் பிறக்கின்றன. நாடிகள் இடையில் மயிர்க்குழாய்களின்றி நேரே அந்நாளத்தினுட் பாய்வதால், இதயம் அளவிற்கு மீறி உழைத்துத் தளர்ந்துவிடும். உயிர் பிழைக்கும் சிசுக்களிற் சிலருக்குத் தலையில் நீர் தேங்கும். டான்டி இளமையில் ஆராய்ந்த அதே நீர்த்தேக்கம்! வேறிரு மருத்துவர்களுடன் இணைந்து இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி 1937இல் அவர் எழுதினார். எனினும் 3 கிலோ எடையுள்ள சிசுவின் உடலிலுள்ள மொத்தக் குருதி ஏறத்தாழ 250 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேநீர்க் குவளையளவே. அதிற் சிறு பங்கு வெளியேறினாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம். தலையைத் திறந்து செய்த சத்திரசிகிச்சைகள் பச்சிளஞ்சிசுக்களைக் காப்பாற்றியது மிக அரிதே.

நாடிப் புடைப்புகள் பற்றித் தனி நூலொன்றை 1944இல் வெளியிட்ட டான்டி, 1946ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் திகதி மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 60. அவரால் திறக்க முடியாதிருந்த கதவு, கத்தியின்றியே திறந்தது. 1980களிலிருந்து, தொடை இடுக்கிலுள்ள நாடி வழியே மயிரிழை போன்ற குழாயை மூளைவரை செலுத்தி, பிழையான இணைப்புகளைப் பசை போன்ற மருந்தால் அடைக்கும் முறை வளர்ந்தது. பாரிஸ் நகரின் புறத்தேயுள்ள பிசேத்ர் வைத்தியசாலையில் பேராசிரியர் பியர் லஸ்ஜோனியாஸ் இதற்கு முன்னின்று உழைத்தார். 2023 மார்ச் மாதத்தில் பொஸ்ரன் மருத்துவர்கள், 34 வாரமேயான சிசுவிற்குத் தாயின் வயிற்றினுள் இருக்கும்போதே இந்நோய்க்குச் சிகிச்சை செய்தனர். அது நிகழ்ந்தது, அன்று குஷிங் டான்டியை விட்டுவிட்டுச் சென்ற அதே பிரிகம் வைத்தியசாலையின் வழிவந்த நிறுவனத்தில்.

நாம் வாழும் நாடுகளில், சிசுவைப் பரிசோதனைக்குக் கொண்டுசெல்லும் பொழுதெல்லாம் தாதி தலையைச் சுற்றி நாடாவால் அளந்து குறித்துக்கொள்வதை எம்மவர் பலர் கண்டிருப்பர். அது வெறும் சடங்கன்று. அளவு மளமளவென ஏறினால், உள்ளே நீரோ புடைத்த குழாயோ இருக்கக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை அது. புதிதாய்ப் பிறந்த குழந்தை பால் குடிக்க இயலாது மூச்சுத் திணறினாலும் தாமதமின்றி மருத்துவரை நாடவேண்டும். மொழி தெரியாதென்று தயங்கிப் பரிசோதனைத் தவணையைத் தவறவிடும் பெற்றோர் இதை மனதிற் கொள்வாராக. குடிபெயர்ந்து வந்த குடும்பமொன்றின் பிள்ளை, கைவிடப்பட்ட சிசுக்களைக் கைவிட மறுத்து ஒரு நூற்றாண்டிற்கு முன் தொடங்கிய தேடலின் பயன், அந்த நாடாவின் வழியே எமது பிள்ளைகளையும் வந்தடைகிறது.