ஒற்றைக் கையால் உலகத்துப் படகுகளைக் காத்தவர்

பெரிய கப்பலை ஓர் அறைக்குள் கொண்டுவந்து வைக்க முடியுமா?

முடியும் என்று காட்டினார் ஒரு பிரெஞ்சுக்காரர். கடலில் கிடந்த கப்பலை அளந்தார். படம் வரைந்தார். அந்தப் படத்தைப் பார்த்துச் சிறிய கப்பல் செய்ய வைத்தார். பெரிய கப்பல்கள் உடைந்து மறைந்தன. சிறிய கப்பல்கள் இன்றும் இருக்கின்றன.

அவர் பெயர் பிரான்சுவா எட்மண்ட் பாரிஸ். 1806-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். ஊரின் பெயரும் அவர் பெயரும் ஒன்றாக ஒலிப்பதால், குழப்பம் வராமல் இருக்க அவரை எட்மண்ட் என்றே சொல்வோம்.

நம் தமிழ்க் கடற்கரைக்கும் அவருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அவர் தம் கையை இழந்தது இந்தக் கரையில்தான்!

மூன்று முறை உலகப் பயணம்

எட்மண்ட் இளம் வயதிலேயே கடற்படையில் சேர்ந்தார். 1826-ல் அஸ்திரோலாப் என்ற பாய்மரக் கப்பலில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். பல ஆண்டுகளுக்கு முன் காணாமற் போன லாபெரூஸ் என்ற மாலுமியின் கப்பல்களைத் தேடுவதும் அந்தப் பயணத்தின் வேலைகளில் ஒன்று. 1828-ல் பசிபிக் கடலில் உள்ள வனிக்கோரோ தீவில் அந்தக் கப்பல்களின் மிச்சங்கள் கிடைத்தன. நங்கூரம் கிடைத்தது. பீரங்கி கிடைத்தது. இரும்பும் வெண்கலமும் கிடைத்தன. கப்பலின் உருவம் கிடைக்கவில்லை.

அடுத்து பவோரித் என்ற கப்பலிலும், 1837 முதல் 1840 வரை ஆர்த்தெமிஸ் என்ற கப்பலிலும் உலகைச் சுற்றினார். இந்த இரண்டு பயணங்களுக்கும் தலைவர் லாப்பிளாஸ் என்பவர்.

துறைமுகத்தில் கப்பல் நின்றதும் மற்றவர்கள் ஊர் பார்க்கப் போவார்கள். எட்மண்ட் படகு பார்க்கப் போவார். அளவு நாடாவும் காகிதமும் கையில் இருக்கும். படகின் நீளம் என்ன, அகலம் என்ன, பலகை எவ்வளவு கனம், கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வார்.

ஏன் இவ்வளவு சிரமம்? அந்தப் படகுகளைக் கட்டியவர்களிடம் வரைபடம் கிடையாது. கணக்கெல்லாம் தச்சர்களின் கையிலும் கண்ணிலும் இருந்தது. தகப்பன் செய்வதைப் பார்த்து மகன் கற்றான். ஒரு தலைமுறை அந்தத் தொழிலை விட்டுவிட்டால் எல்லாம் போய்விடும். எட்மண்ட் இதை அறிந்துகொண்டார்.

ஆணி இல்லாத படகு

சோழமண்டலக் கரையில் அவருக்கு அதிசயம் காத்திருந்தது.

அந்த நாளில் சென்னையிலும் பாண்டிச்சேரியிலும் கப்பல் அணையும் துறை கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரம் போடும். ஆட்களும் சரக்கும் பேரலைகளைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். ஐரோப்பியரின் உறுதியான படகுகள் அந்த அலையில் அடிபட்டு உடைந்து போகும். நம்மவர்களின் சலங்கு என்ற படகு உடையாது. இதை மசூலாப் படகு என்றும் சொல்வார்கள்.

சலங்கில் ஓர் ஆணிகூட இல்லை. பலகைகளின் ஓரத்தில் துளை போட்டு, தென்னங் கயிற்றால் துணி தைப்பது போலத் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு சற்றே வளைந்து கொடுக்கும். வளைவதால் பிழைக்கும்.

கட்டுமரம் அதைவிட எளிது. சில மரங்களைச் சேர்த்துக் கட்டினால் கட்டுமரம். பெயரே அதைச் சொல்கிறது. இந்தத் தமிழ்ச் சொல்தான் இன்று உலக மொழிகள் பலவற்றில் வழங்குகிறது.

சலங்கையும் கட்டுமரத்தையும் எட்மண்ட் அளந்து வரைந்தார். சரக்கு ஏற்றும் தோணியையும் விடவில்லை.

கை போயிற்று

எட்மண்டுக்கு யந்திரங்கள் மீதும் தணியாத ஆசை. ஆர்த்தெமிஸ் பயணத்தில் சோழமண்டலக் கரைக்கு வந்தபோது, பறங்கிப்பேட்டையில் இருந்த இரும்பு ஆலையைப் பார்க்கப் போனார். ஹீத் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய ஆலை அது.

அங்கே விபரீதம் நடந்தது. சுழன்றுகொண்டிருந்த பற்சக்கரத்தில் எட்மண்டின் இடது கை சிக்கியது. கை நசுங்கிப் போயிற்று. அதை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

அப்போது அவருக்கு வயது முப்பதைச் சற்றே தாண்டியிருந்தது. கப்பல் உத்தியோகம் பார்ப்பவருக்கு இரண்டு கையும் வேண்டும். அளப்பதற்கும் வரைவதற்கும் வேண்டும். வேறு ஒருவராக இருந்தால் வீட்டோடு முடங்கியிருப்பார்.

எட்மண்ட் முடங்கவில்லை. மிஞ்சிய வலக் கையால் வேலையைத் தொடர்ந்தார். ஐரோப்பா அல்லாத நாடுகளின் கப்பல் கட்டும் கலையைப் பற்றிய அவருடைய பெரிய நூல் அதன் பிறகுதான் வெளிவந்தது. படங்கள் நிறைந்த நூல் அது. நம் கரையின் படகுகளும் அதில் இடம் பெற்றன.

கையைப் பறித்த யந்திரத்தின் மீதும் அவருக்குக் கோபம் இல்லை. நீராவிக் கப்பல்களைப் பற்றி நூல்கள் எழுதினார். கப்பலைத் தள்ளும் திருகு விசிறியைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1863-ல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராக்கியது. கடற்படையில் வைஸ் அட்மிரல் பதவி வரை உயர்ந்தார்.

நீராவி வந்தால் பாய்மரம் போய்விடும். இது அவருக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அவசரப்பட்டார்.

அரண்மனைக்குள் கப்பல்

1871-ல் கடற்படை அருங்காட்சி சாலைக்கு எட்மண்ட் தலைவரானார். அப்போது அது பாரிஸ் நகரின் லூவர் அரண்மனையில் இருந்தது. முன்பு தாம் வரைந்து வைத்த படங்களை வெளியே எடுத்தார். அங்கிருந்த பட்டறையில் அவற்றைப் பார்த்து மாதிரிக் கப்பல்கள் செய்யப்பட்டன.

மாதிரி செய்வது பொம்மை செய்வது போல் அல்ல. 50 அடிப் படகை 1 அடியாகச் செய்வதாக வைத்துக்கொள்வோம். அப்போது பலகையின் கனமும் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும். பாயைத் தாங்கும் குறுக்குக் கம்புக்குப் பருமல் என்று பெயர். அதன் பருமனும் அதே கணக்கில் குறைய வேண்டும்.

கயிறு கட்டுவதுதான் கடினம். பாய்மரத்தை அசையாமல் இழுத்து நிறுத்தும் கயிறு வேறு. பாயை ஏற்றி இறக்கும் கயிறு வேறு. ஒன்று கனமாக இருக்கும், ஒன்று மெல்லியதாக இருக்கும். ஒவ்வொன்றும் தொடங்கும் இடமும் முடியும் இடமும் பிசகக் கூடாது. சரியாகக் கட்டிய மாதிரியைப் பார்த்தால், ஒரு மாலுமி அந்தக் கப்பலை எப்படி ஓட்டினான் என்று சொல்லிவிடலாம்.

கடல் நினைவுகள் என்று பொருள்படும் தலைப்பில் கப்பல் வரைபடங்களையும் தொகுத்தார். முதல் பாகம் 1882-ல் வந்தது. கடைசிப் பாகம் அவர் மறைந்த பிறகு 1908-ல் வந்தது. மாதிரிக் கப்பல் செய்கிறவர்கள் இன்றும் அந்த வரைபடங்களைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

1893 ஏப்ரல் 8-ந் தேதி, 87-வது வயதில் எட்மண்ட் காலமானார். அதுவரை அருங்காட்சி சாலையின் தலைவராகவே இருந்தார். அந்தச் சாலை இப்போது பாரிசின் ஷையோ மாளிகையில் இருக்கிறது.

மண் நிற்கும், மரம் நிற்காது

நம் தென்கோடிக்கு வருவோம். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. அங்கே பூமியைத் தோண்டியபோது மண் தாழிகள் கிடைத்தன. இரும்புக் கருவிகளும் வெண்கலப் பொருள்களும் கிடைத்தன. ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்த கொற்கை, முத்துக்குப் பேர் போன துறைமுகம். கொற்கைக்கு வந்து போன படகுகளின் உருவம் நமக்குத் தெரியுமா? மண் நிற்கும், இரும்பும் ஓரளவு நிற்கும். மரம் மக்கிப் போகும்.

பழங்காலம் மட்டும் அல்ல. தூத்துக்குடியில் 1961-ல் கடைசி முத்துக் குளிப்பு நடந்தது. அதன் பிறகு முத்துக் குளிக்கும் வள்ளங்களுக்கு வேலை இல்லை. உப்பும் சரக்கும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத் தீவுக்கும் பாய் விரித்துப் போன தோணிகளில் யந்திரம் ஏறியது. காற்றைப் பார்த்துப் பாயைத் திருப்பத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன.

தோணித் துறையில் வயதான தண்டல்களும் தச்சர்களும் இருந்தால், அவர்களைப் பக்கத்தில் உட்கார்த்திக் கேட்கலாம். அளவு நாடா ஒன்றும் நோட்டுப் புத்தகம் ஒன்றும் போதும். பள்ளிப் பிள்ளைகளே இந்த வேலையைத் தொடங்கலாம்.

வேற்று நாட்டவர் ஒருவர் ஒற்றைக் கையோடு நம் படகுகளைக் காத்தார். நமக்கு இரண்டு கைகள் இருக்கின்றன.