கரியில் ஓடிய பஸ்!

அடுப்புக் கரியில் பஸ் ஓடுமா?

ஓடியது! மதுரைச் சீமையில் ஓடியது. பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில் கரியைத் தின்று பஸ்கள் ஓடின. அப்படி ஓட வைத்தவர், டி.வி.சுந்தரம் ஐயங்கார்.

வக்கீல் தொழில்

நெல்லைச் சீமையில் உள்ள திருக்குறுங்குடி அவருடைய சொந்த ஊர். 1877-ம் ஆண்டு மார்ச் மாதம் 22-ந் தேதி பிறந்தார். முதலில் வக்கீல் தொழில் பார்த்தார். பிறகு ரெயில்வேயில் உத்தியோகம். அதற்குப் பிறகு பாங்கியில் வேலை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சொந்தத் தொழிலில் இறங்கினார்.

அந்தக் காலத்தில் மதுரையில் இருந்து தெற்கே போகிறவர்களுக்குத் திருமங்கலம் வழியாக ரெயில் இருந்தது. ஆனால் எல்லா ஊருக்கும் ரெயில் போகுமா? தே.கல்லுப்பட்டி, பேரையூர் பக்கத்து ஜனங்களுக்குத் தண்டவாளம் கிடையாது. மாட்டு வண்டி கட்ட வேண்டும். இல்லாவிட்டால் நடைதான். சந்தைக்குப் போகும் பருத்திப் பொதிக்கும் வண்டி. பிரசவ வலி கண்ட பெண்ணுக்கும் அதே வண்டி!

ரெயில் போகாத ஊர்களுக்கு மோட்டார் போகலாம் அல்லவா? 1912-ம் ஆண்டில் சுந்தரம் ஐயங்கார் பஸ் தொழிலைத் தொடங்கினார். நேரம் தவறாமல் பஸ் விடுவதில் அவர் கண்டிப்பானவர். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்து மணி சொல்லலாம் என்று பெயர் வந்தது.

பெட்ரோல் பஞ்சம்

1939-ம் ஆண்டில் யுத்தம் வந்தது. 1941-ம் ஆண்டில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942-ம் ஆண்டில் பர்மாவை ஜப்பானியர் பிடித்தார்கள். அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றது. மலாய் நாடும் விழுந்தது. டயர் செய்ய ரப்பரும் கிடைக்கவில்லை.

வண்டிகளை ஷெட்டில் நிறுத்திப் பூட்டியிருக்கலாம். யாரும் குறை சொல்லி இருக்க மாட்டார்கள். ஆனால், பஸ்சை நம்பிப் பழகிவிட்ட கிராமங்கள் என்ன ஆகும்?

பெட்ரோல் இல்லை, சரி. என்ன இருக்கிறது? கரி இருந்தது! கரிசல் காட்டில் கருவேல மரத்துக்குப் பஞ்சம் இல்லை. சுந்தரம் ஐயங்காரின் கம்பெனி கரிவாயுக் கருவியை வடிவமைத்துத் தயாரித்தது. பழைய டயர்களுக்குப் புது ரப்பர் போடும் தொழிலையும் நடத்தியது.

தொண்டை குறுகல்

பஸ்சின் பின்புறம் ஒரு பெரிய இரும்பு உருளை. அதற்குள் கரி. காற்றை அளவாக விட்டு எரித்தால், கரி முழுவதும் எரிந்து தீராது. எரியக்கூடிய ஒரு வாயு கிளம்பும். அதைக் குளிர வைத்து, சாம்பலை வடிகட்டி, குழாய் வழியே என்ஜினுக்கு அனுப்ப வேண்டும்.

இங்கேதான் சிக்கல்! அந்த என்ஜின் பெட்ரோலுக்காகச் செய்தது. பெட்ரோலைத் தூவிக் காற்றோடு கலந்து கொடுப்பது கார்புரேட்டர். காற்று வேகமாகப் பாய்ந்து பெட்ரோலை உறிஞ்ச வேண்டும் என்பதால் அதன் தொண்டை குறுகல். கரிவாயு வலுக் குறைந்தது. ஏறக்குறைய காற்றுக்குச் சமமாக வாயு வேண்டும். ஆகவே அகலமான குழாய் வேண்டும். வாயுவையும் காற்றையும் கலக்கத் தனி வால்வு வேண்டும். டிரைவர் மிதிக்கும்போது திறந்து, விடும்போது மூடும் மடலும் அதற்கு ஏற்ற அளவில் வேண்டும். கலவை தவறினால் என்ஜின் இருமிக்கொண்டு நின்றுவிடும்!

காலையில் கரியை மூட்டி, விசிறியைச் சுற்றி, வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும். பெட்ரோலில் கிடைத்த வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். மேடு வந்தால் வண்டி திணறும். அந்த வாயு விஷம் வேறு. கசிந்தால் உயிருக்கு ஆபத்து. குழாய் மூட்டுகளைக் கவனமாக இறுக்க வேண்டும்.

கஷ்டம்தான். ஆனாலும் பஸ் நகர்ந்தது! பிரான்சு, ஜெர்மனி, சுவீடன் நாடுகளிலும் யுத்த காலத்தில் இப்படித்தான் மரத்தையும் கரியையும் எரித்து மோட்டார் ஓட்டினார்கள்.

மறைவு

யுத்தம் முடிந்தது. பெட்ரோல் வந்தது. கரி உருளைகள் கழற்றப்பட்டன. சுந்தரம் ஐயங்கார் தம் காலத்திலேயே தொழிலைப் புதல்வர்களிடம் ஒப்படைத்தார். 1955-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ந் தேதி, கோடைக்கானலில் காலமானார். அப்போது அவருக்கு வயது 78.

பின்னாளில் பஸ்கள் அரசுடைமை ஆயின. கரி பஸ்சைப் பார்த்தவர்கள் இன்று அரிது. ஆனால் ஒரு வண்டியின் பாகத்தை இன்னொரு வண்டிக்கு அளவு பார்த்துப் பொருத்தும் மெக்கானிக்குகள் ஊர்தோறும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சுந்தரம் ஐயங்காரின் கதை அந்நியமானது அல்ல. இல்லாததை எண்ணி அவர் வண்டியை நிறுத்தவில்லை. இருந்ததை வண்டிக்குப் பொருத்தினார்.