பேரனுக்காக நாடு காத்த இராணி மங்கம்மாள்

மதுரை இரயில் நிலையத்திற்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம் நம் பண்ணைப்புரம் மக்களுக்குத் தெரிந்ததே. காந்தி அருங்காட்சியகம் உள்ள தமுக்கம் அரண்மனையும் அந்த அரசியின் பெயரோடு சேர்ந்ததுதான். அவர் ஆண்ட நாட்களில் நம் கம்பம் பள்ளத்தாக்கும் மதுரை நாயக்கர் ஆட்சியில் இருந்தது.

1682இல் கணவர் சொக்கநாத நாயக்கர் இறந்தார். கணவனோடு சிதையேறுவது அரச குடும்பப் பெண்களிடம் அன்று இருந்த வழக்கம். மங்கம்மாள் ஏறவில்லை. இளைஞரான மகன் முத்துவீரப்பருக்குத் தாய் தேவைப்பட்டார். ஊரார் பேச்சைத் தாங்கிக்கொண்டு உயிர்வாழ அன்று எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏழே ஆண்டுகளில், 1689இல், அம்மகனையும் பெரியம்மை கொண்டுபோனது. கர்ப்பிணியாயிருந்த மருமகள் சின்ன முத்தம்மாள் உடன்கட்டை ஏறத் துடித்தபோது, குழந்தை பிறக்கட்டும் என்று மாமியார் தடுத்தார். ஆண் குழந்தை பிறந்தது. ஆனால் தாய் சில நாட்களிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பாவம், அவர் பெயரைச் சொல்ல ஒரு சத்திரமும் இல்லை.

கைக்குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதருக்கு முடிசூட்டி, அவன் பெயரால் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் மங்கம்மாள் நாட்டை ஆண்டார். வடக்கே அவுரங்கசீப்பின் படைகள் நெருங்கியபோது திறை செலுத்தி நாட்டைக் காத்தார். திருவிதாங்கூர் திறை தர மறுத்தபோதோ, 1697இல் தளவாய் நரசப்பையாவைப் படையுடன் அனுப்பினார். எங்கே பணிவது, எங்கே எதிர்ப்பது என்று அறிந்தவர் அவர்.

நம் திருச்சபையும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. 1693இல் புனித அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டப்பட்டது சேதுபதியின் நாட்டில். அந்தக் கொடிய காலத்தில் மதுரை நாட்டில் இயேசு சபைக் குருக்கள் பணியாற்ற மங்கம்மாள் தடை செய்யவில்லை. சிறைப்பட்டிருந்த மெல்லோ அடிகளார் விடுதலை பெறவும் உதவினார். பூஷே அடிகளார் அவரது அரசவையில் மதிப்புடன் வரவேற்கப்பட்டார். கோயில்களுக்குக் கொடுத்த அதே கை, 1701இல் தர்காவுக்கும் நிலம் கொடுத்தது.

1702இல் சேதுபதியுடன் நடந்த போரில் நரசப்பையா மாண்டார். பேரனும் வளர்ந்தான், அரண்மனைக்குள் பகை முளைத்தது. பாட்டியைச் சிறைவைத்து, உணவைக் கண்ணுக்குத் தெரியும்படி, ஆனால் கைக்கு எட்டாதபடி வைத்துப் பட்டினியால் சாகவிட்டார்கள் என்பது மக்கள் வாய்மொழி. வரலாற்று ஆசிரியர்கள் எல்லோரும் இதை ஏற்பதில்லை.

யாருக்காக அவர் சுமை சுமந்தாரோ, அந்த விஜயரங்கர் 1732இல் வாரிசின்றி இறந்தார். மதுரை அரியணையில் மறுபடியும் கணவனை இழந்த ஒரு பெண், இராணி மீனாட்சி, அமர வேண்டியதாயிற்று.