தங்க இழை ஆலையிலிருந்து ஒரு நடிப்பு முறை

பொருளாதாரம் கற்பித்தவன் என்பதாலோ என்னவோ, கலைஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கும்போதும் அவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்றே என் கண் முதலில் தேடும். 1863-இல் மாஸ்கோவில் பிறந்த கான்ஸ்தந்தீன் அலெக்சேயெவின் குடும்பத்தார் தங்க, வெள்ளி இழை தயாரித்த ஆலை முதலாளிகள். அத்தகைய வீட்டுப் பிள்ளை மேடையேறுவது இழுக்கு எனக் கருதப்பட்டதால், ஸ்தனிஸ்லாவ்ஸ்கி என்ற பெயரைச் சூடிக்கொண்டார். ஆலைப் பொறுப்பும் ஒத்திகையுமாகப் பல்லாண்டுகள் கழிந்தன.

1897 ஜூனில் மாஸ்கோ உணவகம் ஒன்றில் நெமிரோவிச்-தான்சென்கோவுடன் தொடங்கிய உரையாடல் ஏறத்தாழ 18 மணி நேரம் நீண்டது. மறு ஆண்டே மாஸ்கோ கலை அரங்கு பிறந்தது. செகாவின் 'கடற்பறவை' அங்கே பெருவெற்றி கண்டது.

புகழுக்குப் பின்னரே சிக்கல் எழுந்தது. பலமுறை நடித்த பாத்திரங்கள் உயிரற்ற பழக்கமாகத் தம்முள் இறுகிவிட்டதை 1906-இல் உணர்ந்தார். பின்லாந்தில் ஓய்வெடுத்தபடி தம் பழைய அனுபவங்களை ஆராய்ந்தார். படைப்பூக்கம் தானாக வரும்வரை காத்திராமல், பயிற்சியால் அதற்கு வழிகோல முடியுமா என்ற கேள்வியே அவரது முறைக்கு வித்து. சொந்த நினைவுகளின் வழியே உணர்ச்சியை மீட்பது தொடக்ககாலப் பயிற்சிகளுள் ஒன்று.

புரட்சியில் ஆலை பறிபோனது. 1922 முதல் 1924 வரை அரங்கின் குழு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நாடகங்கள் நடத்தியது. அவரிடம் பயின்ற பொலெஸ்லாவ்ஸ்கி நியூயார்க்கில் கற்பித்தார். அங்கே கற்ற லீ ஸ்ட்ராஸ்பெர்க் உணர்ச்சி நினைவையே மையமாக்கினார். 1934-இல் ஸ்டெல்லா ஆட்லர் பாரிசில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியிடம் சில வாரங்கள் பாடம் கேட்டபோது, ஆசான் வெகுதூரம் நகர்ந்திருந்தார். பாத்திரத்தின் சூழலும் அது செய்ய முனையும் செயலுமே அப்போது அவருக்கு முதன்மை. அமெரிக்க மாணவர்களிடையே விழுந்த பிளவு பின்னர் ஆறவேயில்லை. நூல்களும் தவணை முறையிலேயே வந்தன: ஆங்கிலத்தில் உள்ளப் பயிற்சி பற்றிய பகுதி 1936-இல், உடல், குரல் பற்றிய பகுதி 1949-இல். பாதிச் சரக்கு மட்டும் வந்திறங்கிய சந்தையில் அதுவே முழுச் சரக்காக விலைபோவது இயல்பு. மார்லன் பிராண்டோவை ஸ்ட்ராஸ்பெர்கின் வார்ப்பு என இன்றும் பலர் எழுதுகின்றனர். அவரோ தம் ஆசிரியராக ஆட்லரையே குறிப்பிட்டுவந்தார்.

ஸ்டாலின் ஆட்சி இம்முறையை அதிகாரபூர்வக் கோட்பாடாக உயர்த்தி, மாற்று வழி தேடியோரை ஒடுக்கியது. இதற்காக ஸ்தனிஸ்லாவ்ஸ்கியைக் குற்றஞ்சாட்டுவோருடன் என்னால் உடன்பட இயலவில்லை. 'கடற்பறவை'யில் உடன் நடித்து, பிறகு பிரிந்து சென்று நேரெதிர்ப் பாணியை வளர்த்தவர் மெயர்ஹோல்டு. 1938 தொடக்கத்தில் அவரது அரங்கை அரசு மூடியது. பலரும் அவரை விட்டு விலகிய அவ்வேளையில், தமது இசைநாடக அரங்கில் அவருக்கு வேலை கொடுத்தார் நோயுற்றிருந்த ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. அந்த ஆகஸ்டில் அவர் காலமானார். மறு ஆண்டு மெயர்ஹோல்டு கைது செய்யப்பட்டார். 1940-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.